சிவப்பு வராத பிழை

ஆம்ப்ரோஸ் சார், முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நேற்று விசாரணைக்குக் கூப்பிட்டபோது நீங்கள் வரவழைத்துக் கொடுத்த காப்பி மிக நன்றாக இருந்தது. நம் கல்லூரி கேன்டீனில் பதினேழு வருடமாகக் குடிக்கிறேன், அந்த ருசி ஒருநாளும் வந்ததில்லை. நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னீர்கள். பிரிஸில்லா வளவளவென்று பேசுகிறவள் என்பது லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். இரண்டு பக்கம் ஆகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொருளாதார முதுகலை மாணவர்களுக்குப் புள்ளியியல் மென்பொருள் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பாவம், வரும்போது அவர்களுக்கு மவுஸைப் பிடிக்கத்தான் தெரியும். கட்டளையில் ஒரு கமா விட்டுப்போனால் திரையில் சிவப்பு எழுத்து வரும். உடனே "பிரிஸில்லா மிஸ், செவப்பா வருது" என்று கூப்பாடு போடுவார்கள். எழுந்துபோய், தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, அந்தக் கமாவைப் போட்டதும் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அதற்காகவே எனக்குத் திங்கட்கிழமை பிடிக்கும்.

இளவேனில் வந்தவாசிப் பெண். முதல் இரண்டு வாரம் மற்றவர்களைப் போல அவளும் கூப்பிட்டாள். அப்புறம் நிறுத்திவிட்டாள். மென்பொருளுக்குள்ளேயே இருக்கிற உதவிப் பக்கங்களைத் தானாக உட்கார்ந்து படித்தாள். அதையெல்லாம் யாராவது படிப்பார்களா சார்? நானே படித்ததில்லை. இரண்டாம் வருடம் ஜூனியர்களுக்காகப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினாள், எந்தச் சிவப்புக்கு என்ன செய்ய வேண்டும் என்று. நல்ல தெளிவான குறிப்பு. அதன் பிறகு என் மேஜைப் பக்கம் யாரும் வரவில்லை. தர்ஷினி என்ற முதலாண்டுப் பெண் மட்டும் ஒருநாள் வந்தாள். ஆசையோடு எழுந்தேன். "மிஸ், ஏசி கொஞ்சம் கம்மி பண்றீங்களா, குளுருது" என்றாள். கம்மி பண்ணினேன்.

எனக்கு அவள்மேல் பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இளவேனில் மேல் எனக்குப் பிரியம் அதிகம். அவளைப் பற்றி இருந்த ஒரே கவலை, அவள் யாரையும் எதையும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு என்றைக்காவது ஒரு பெரிய அடி விழும். வெளியே போய் விழுவதைவிட, நாம் நாலு பேர் பக்கத்தில் இருக்கும்போதே விழுந்தால் நல்லதுதானே? ஒரு டீச்சராகத்தான் யோசித்தேன்.

அவளுடைய ஆய்வு உங்களுக்குத் தெரியும். பீன்யா பக்கம் கார்மென்ட்ஸில் வேலைபார்த்த நானூற்றுப் பன்னிரண்டு பெண்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் வருகிறவர்கள் சீக்கிரம் வேலையை விட்டுவிடுகிறார்களா என்பது கேள்வி. வேலையை விட்டவர்களில் பாதிப் பேரைப் பிடிக்கவே முடியவில்லை, போன் நம்பர் மாறிப்போயிருந்தது. அதனால் அவர்களுடைய பயண நேரக் கட்டம் காலி.

இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் மென்பொருள் காலிக் கட்டத்தைப் பூஜ்யம் என்று நினைக்காது, இருக்கிற எல்லா எண்ணையும்விடப் பெரியது என்று நினைக்கும். ‘ஒரு மணி நேரத்துக்கு மேல்’ என்று கேட்டால் பதிலே சொல்லாதவர்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். சிவப்பும் வராது. அதனால் அந்த வரியின் கடைசியில் ‘காலியானதை விட்டுவிடு’ என்று ஒரு நிபந்தனை போட வேண்டும்.

இளவேனில் போட்டிருந்தாள், நான் சொல்லிக்கொடுக்காமலே. பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எல்லா வரிகளையும் எழுதி முடித்து, இன்னும் ஓட்டாமல், சாப்பிடப் போயிருந்தாள். கம்ப்யூட்டரைப் பூட்டவில்லை. நம் துறையில் யாரும் பூட்டுவதில்லை, ஒருவரை ஒருவர் நம்புகிற நல்ல பழக்கம் இங்கே உண்டு. நான் அந்த நிபந்தனையை மட்டும் அழித்தேன், எட்டு எழுத்துகூட இருக்காது. சேமித்துவிட்டு வந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். அன்றைக்கு முட்டைக் குழம்பு.

அதற்கப்புறம் துறையே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. தூரத்திலிருந்து வருகிற பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலையை விடுகிறார்கள் என்று அவளுக்கு முடிவு வந்தது. வழிகாட்டி முனிகிருஷ்ணன் சார் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார், நானும் இரண்டு எடுத்துக்கொண்டேன். டெல்லி ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று அவளுக்கு வேலை தருவதாகக் கடிதம் அனுப்பியது.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர், கண்டே பிடிக்க முடியாத பெண்களின் பயண நேரம் எப்படித் தெரிந்தது என்று கேட்டார். "அவங்கள விட்டுடறதுக்கு கண்டிஷன் போட்ருக்கேன் சார்" என்றாள். திறந்து பார்த்தார்கள், இல்லை. தவறிவிட்டது என்று அவள் சொல்லியிருந்தால் திருத்தச் சொல்லி விட்டிருப்பார்கள். போட்டேன் போட்டேன் என்று அவள் அழுததால், முடிவையும் ஜோடித்துப் பொய்யும் சொல்கிறாள் என்று எழுதிவிட்டார்கள். பட்டம் நின்றது, டெல்லியும் போயிற்று. அவள் வந்தவாசிக்கு பஸ் ஏறினாள். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு வரை நானே கூடப்போய் ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்தேன்.

நான் அதை அழித்த அன்று காலையில், சாப்பிடப் போவதற்கு முன்பே, அதே கோப்பைத் தர்ஷினிக்கு மாதிரிக்காக மின்னஞ்சலில் அனுப்பியிருந்திருக்கிறாள். அதில் அந்த நிபந்தனை இருக்கிறது. நேற்று நீங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினீர்கள். மறுக்க ஒன்றுமில்லை சார், அழித்தது நான்தான். அவளுக்குப் பட்டத்தைக் கொடுத்துவிடுங்கள்.

ஒரேயொரு திருத்தம் இருக்கிறது. அவள் என்னிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். ராத்திரி ஜெபம் பண்ணும்போது யோசித்துப் பார்த்தேன், அது சரியில்லை. அவள் கேட்டாள்.

முடிவு வந்த மறுநாள் என் மேஜைக்கு வந்து நின்றாள். "மிஸ், நம்பர் ரொம்ப நல்லா வருது, அதான் பயமா இருக்கு. டேட்டாவ ரெண்டு வாட்டி பாத்துட்டேன். எங்கியோ தப்பு பண்ணிருக்கேன்னு தோணுது. நீங்க ஒரு வாட்டி பாருங்களேன்" என்றாள். ஒன்றரை வருடம் கழித்து. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. "வாம்மா, உக்காரு" என்று பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டேன். பேக்கரியில் வாங்கிய தில்பசந்தில் பாதியைக் கொடுத்தேன். இரண்டு பேரும் தலையைச் சேர்த்துவைத்து, வரி வரியாக, முழுதாக அரை மணி நேரம் பார்த்தோம். நான் அழித்த அந்த வரி வந்தபோது அதன் கடைசியில் என் விரலை வைத்து, நிபந்தனை இருப்பது போலவே படித்துக் காட்டினேன். கடைசியில், எல்லாம் சரியாக இருக்கிறது, தைரியமாகக் கொண்டுபோய்க் கொடு என்றேன்.

"நீங்க பாத்துட்டீங்கல்ல மிஸ், இனிமே பயமில்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினேழு வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை சார்.