பின்னால் வரும் வேன்

— அண்ணி, நில்லுங்க லா. என்னால முடியல. ரெண்டு காலும் சிமெண்ட்டு மாதிரி இறுகிப்போச்சு.

— நின்னா இன்னும் புடிச்சுக்கும் புனிதா. மெதுவா நட. பேசிக்கிட்டே நட.

— பேசறதுக்கு மூச்சு வேணுமே! இருங்க, உங்க தம்பிய இன்னிக்கு வீட்டுக்குப் போய் என்ன பண்றேன்னு பாருங்க. திங்கக்கிழமை வேலை விட்டு வந்தாரு, கையில ஒரு பை. அதுக்குள்ள அஞ்சு நம்பரு, அஞ்சு டி-சட்டை. "ஆபிஸ் டீம் பின்வாங்கிட்டாங்க, வர்ற ஞாயித்துக்கிழமை நாம குடும்பமா, பக்கத்து வீட்டுக்காரங்களோட ஓடறோம்"னாரு. ஆஃப் மாரத்தான் அண்ணி! இருபத்தோரு கிலோமீட்டரு! எல்ஆர்டி ரயில் ஸ்டேசன் படியேறினாலே எனக்கு நெஞ்சு அடைக்கும்.

— அதுக்கென்ன, முக்காவாசி வந்துட்டோம். என் நெஞ்சுல என்ன பேரு போட்டிருக்குன்னு பாத்தியா? மெய் லிங். தண்ணி குடுக்கற இடத்துல ஒரு சீனத்தி "கோ மெய் லிங், கோ!"ன்னு கத்தினா. யாரையோ கூப்புடறான்னு நானும் திரும்பித் திரும்பிப் பாத்தேன்.

— உங்களுக்குச் சிரிப்பு வருது. ஏன் அண்ணி, என்னை விடப் பத்து வயசு மூத்தவங்க நீங்க. உங்களுக்கு மட்டும் எப்படி மூச்சு வாங்கல?

— ஒம்பது வருசமா அப்பாவைத் தூக்கி உக்கார வைக்கறேன், தூக்கிப் படுக்க வைக்கறேன், தூக்கிக் குளிப்பாட்டறேன். இங்க என்னை மட்டும்தானே தூக்கிக்கிட்டு நடக்கறேன். ஜீவன் எங்க இருப்பான் இப்ப?

— அவரும் பக்கத்து வீட்டு ரேமண்டும் எப்பவோ போயிட்டாங்க. ரேமண்டு சம்சாரம் ஷெர்லியும் அவங்களோடதான் ஓடினாங்க. நர்ஸாச்சே, வார்டுல நாள் பூரா ஓடற கால் அது. நான்தான் கடைசி. ஆயோ, திரும்பிப் பாருங்க, அந்த வேன் இன்னும் நம்ம பின்னாலயே வருது.

— என்ன வேன் அது?

— ஓட முடியாதவங்களை அள்ளிக்கிட்டுப் போற வேன் அண்ணி. மானம் போகுது.

— அக்கா! ரெண்டு அக்காவும்! ஏறிக்குங்க லா. உள்ள ஏர்கோன் இருக்கு, தண்ணி இருக்கு.

— பரவால்ல அண்ணே, நாங்க நடக்கறோம்.

— உங்க ரெண்டு பேருக்காகத்தான் நான் எறும்பு மாதிரி ஊந்துகிட்டு வரேன். ரோட்டைத் திறக்கணும்னு போலீசு சத்தம் போடறான் அக்கா. பிரிக்பீல்ட்ஸ் தாண்டற வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல என் கையில இல்ல.

— சரி அண்ணே, பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் விடுங்க. வா புனிதா.

— நீங்க அவருகிட்ட வேணாம்னு சொன்ன வேகத்தைப் பாத்தா, ஓடியே தீருவேன்னு வேண்டிக்கிட்டு வந்த மாதிரி இருக்கு.

— வெளிய வந்திருக்கேன்ல. உடனே ஏறி உக்காந்துடணுமா? பூக்கடை திறந்துட்டாங்க பாரு. மல்லிப்பூ வாசனை வருதா?

— எனக்கு என் சட்டை நாத்தம்தான் வருது.

— அந்தக் கட்டடம் தெரியுதா, கீழ சாப்பாட்டுக் கடை வச்சிருக்கான் பாரு. அதுல மூணாவது மாடி. அங்கதான் வேலை செஞ்சேன்.

— இங்கயா? கணக்கு ஆபிஸுன்னு சொன்னீங்க, கிள்ளான்லன்னு நெனச்சேன்.

— இங்கதான். காலைல கிள்ளான்ல கொமுட்டர் ரயிலு ஏறுவேன். அந்த ஓரத்து ஜன்னல் என்னோடது. அப்பா விழுந்த அன்னிக்கு, மூணு மாசம் லீவு வேணும்னு மேனேஜருகிட்ட கேட்டுட்டுப் போனேன். என் குடையைக்கூட எடுக்கல. திரும்பி வருவோம்னுதானே.

— எங்க கல்யாணத்துக்கு முந்தின வருசம். இல்ல அண்ணி?

— ம். ஜீவனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருந்தோம். வீட்டுல படுத்த படுக்கையா ஒருத்தர் இருந்தா எவன் பொண்ணு குடுப்பான்னு பயம். நான் பாத்துக்கறேன், நீங்க பேசி முடிங்கன்னு உங்க அப்பாகிட்ட நான்தான் வந்து சொன்னேன்.

— தெரியும் அண்ணி. அப்பா இப்பவும் சொல்லுவாரு.

— அதுக்கென்ன. நல்ல பொண்ணுதான் வந்துச்சு. தண்ணி வேணுமா?

— அண்ணி.

— என்னம்மா?

— காலைல கிளம்பினதுலேருந்து மாமாவைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை கேக்கல.

— உன் தம்பி பிரவின் பாத்துக்கறான்னு நீதானே சொன்ன. பொறுப்பான பையன். ஒரு நாளாவது கேக்காம இருந்து பாக்கறேனே. ஏய், ஏன் அழற? காலு வலிக்குதா? உக்காரு. இந்தக் கல்லுல உக்காரு.

— காலு இல்ல. என்னால இதை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு ஒரு அடிகூட நடக்க முடியல. வீட்டுக்குப் போறதுக்குள்ள ஜீவனே சொல்றேன்னாரு, அவரு சொல்லமாட்டாரு அண்ணி, அவருக்குத் தைரியம் கிடையாது. பிரவின் மாமாவை வீட்டுல வச்சுப் பாத்துக்கல. நாம கிளம்பின பிறகு அவன் காடியில ஏத்தி ரவாங்குக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். அங்க ஒரு ஹோமு. முதியோர் இல்லம். சேத்தாச்சு. மெசேஜு வந்துடுச்சு.

— ...

— நம்பரு சும்மா கெடைச்சது நெசந்தான். கையில வாங்கினதும்தான் அவருக்கு இந்த யோசனை வந்திருக்கு. உங்களை அரை நாள் வீட்டை விட்டு வெளிய கொண்டு வர வேற வழி தெரியல. கேட்டா நீங்க விடமாட்டீங்க. போன தீபாவளிக்குப் பேச்செடுத்ததுக்கே தட்டை அப்படியே வச்சுட்டு எழுந்து போனீங்க. அண்ணி, ஏதாச்சும் பேசுங்க. திட்டுங்க. ரெண்டு அறை வேணும்னாலும் அறைங்க.

— பசியாறிட்டுத்தான் போனாரா?

— ம். பிரவின் கடையில ரொட்டி சானாய் தாப்பாவ் பண்ணி, பொட்டலமா எடுத்துட்டு வந்து, பிச்சுப் பிச்சு ஊட்டினானாம்.

— பருப்புக் கறியில ஊறப் போட்டானா? இல்லன்னா முழுங்க மாட்டாரு.

— ஊறப் போட்டுத்தான் குடுத்திருக்கான்.

— அழுதாரா?

— இல்ல அண்ணி. காடியில உக்கார வச்சதும் சந்தோசமாயிட்டாராம். பழைய மாதிரி கிள்ளான் போர்ட்டுக்குக் கப்பல் வேலைக்குப் போறோம்னு நெனச்சுக்கிட்டாரு போல. நேரமாச்சு, சீக்கிரம் ஓட்டுன்னு பிரவினை விரட்டிக்கிட்டே போனாராம்.

— என்னைக் கேட்டாரா? சொல்லு, பரவால்ல.

— உங்க பேரைச் சொல்லல. அத்தை பேரைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாராம். லெட்சுமி எங்க, லெட்சுமி வரலையான்னு.

— அது நான்தான். ரெண்டு வருசமா அவருக்கு நான்தான் லெட்சுமி. அம்மா கேட்டிருந்தா சிரிச்சிருக்கும்.

— அண்ணி, நல்ல இடம்தான். ஷெர்லி முன்னால வேலை செஞ்ச இடமாம். அவங்களேதான் ஒரு நாள் ஜீவனை ஆபிஸு வாசல்ல நிறுத்தி வச்சுப் பேசியிருக்காங்க. "உங்க அக்கா இன்னும் ஒரு வருசம் தாங்கமாட்டாங்க, அவங்க இடுப்பு போயிருச்சு. ரவாங்ல ஒரு கட்டில் காலி. நீங்களே முடிவு பண்ணுங்க, அக்காகிட்ட மட்டும் கேக்காதீங்க"ன்னு.

— ம்.

— அதுலேருந்து அவரு சரியாச் சாப்பிடல. தூக்கத்துல எழுந்து உக்காந்துக்கறாரு. அக்கா இனிமே என் மொகத்துல முழிக்கமாட்டான்னு சொல்லிச் சொல்லி அழறாரு. இன்னிக்கு முன்னால ஓடறாரே, காலுல வலு இருந்தா ஓடறாரு? உங்க பக்கத்துல நடக்கப் பயந்துக்கிட்டு ஓடறாரு.

— சின்னப் பிள்ளைலயும் அப்படித்தான். ஏதாச்சும் உடைச்சுட்டா மொதல்ல ஓட்டம்தான்.

— அக்கா, சோரி லா. அவ்வளவுதான். பின்னால ரோட்டை மறிச்சு வச்ச கோனெல்லாம் எடுத்துட்டாங்க பாருங்க, பஸ்ஸு வர ஆரம்பிச்சிருச்சு. ஏறித்தான் ஆகணும்.

— ஒரு நிமிசம் அண்ணே! அண்ணி, எழுந்திரிங்க, ஏறுவோம். இந்த வேன்லயே நம்ம காடி நிக்கற இடத்துக்குப் போயிடலாம். நேரா ரவாங். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மாமாவை இன்னிக்கே கூட்டிட்டு வந்துடறேன். ஜீவன் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன். வேலைய விட்டுட்டு நானும் உங்களோட நிக்கறேன், நெசமாத்தான் சொல்றேன்.

— வேணாம்.

— கோவத்துல சொல்லாதீங்க அண்ணி.

— கோவமெல்லாம் இல்ல. அசந்து போச்சு, அதான். நீ ஏறும்மா. காலு வீங்கியிருக்கு உனக்கு.

— நீங்க?

— நான் ஓரமா நடந்து வரேன். அண்ணே, ஓரத்துல நடந்தா போலீசு ஒண்ணும் சொல்லமாட்டாங்கல்ல?

— ஓரத்துல நடங்க அக்கா, அது உங்க இஷ்டம். ஆனா நீங்க போய்ச் சேரும்போது பந்தலெல்லாம் பிரிச்சிருப்பாங்க. மெடலு கெடைக்காது.

— அதுக்கென்ன.

— அண்ணி, உங்களை இப்படி நடுரோட்டுல விட்டுட்டு நான் போய் அவருகிட்ட என்ன சொல்லட்டும்? அக்கா எதுவும் பேசலன்னு சொன்னா அந்த மனுசன் செத்தே போயிருவாரு.

— அக்கா மன்னிச்சுட்டான்னு சொல்லு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாத.

— அதுக்கு மேல என்ன இருக்கு?

— ஷெர்லிய அவன்கிட்ட அனுப்பினதே நான்தான் புனிதா. என்கிட்ட மட்டும் கேக்க வேணாம்னு சொல்லச் சொன்னதும் நான்தான்.