தொடாமல் பார்ப்பது

டீக்கு நன்றி, சார். கடல்குதிரை பார்க்கப் போகிறவனுக்கு முதலில் வேண்டியது பொறுமை. என் மாப்பிள்ளைக்கு, அதாவது தங்கச்சியின் புருஷனுக்கு, அது மருந்துக்கும் கிடையாது. மற்றபடி தங்கமான மனுஷர். சாப்பிட உட்கார்ந்தால் சட்டி கழுவுகிற வேலைகூட மிச்சம்.

கடலுக்கடியில் ஒரே சட்டம்தான். பார்க்கலாம், தொடக்கூடாது. கடல்குதிரைக்குச் சொந்தக்காரனான குழல்மீன் கடற்புல்லோடு புல்லாக நட்டுக்கொண்டு நிற்கும். நாமும் பக்கத்தில் அப்படியே மிதக்க வேண்டும். இவரோ கேமராவும் குச்சியுமாக இறங்குவார். கடல்குதிரை முகத்தைத் திருப்பிக்கொண்டால், கல்யாண போட்டோக்காரர் மாதிரி, குச்சியால் நேராக்கி நிறுத்துவார்.

அந்த இனத்தில் ஆண்தான் பிள்ளை சுமக்கும். நான் பல வாரமாகப் பார்த்துவந்த ஆண் கடல்குதிரைக்கு வயிறு முட்டியிருந்தது. அதைப் போய்க் குத்தினார். அது பிடித்திருந்த புல்லை விட்டுவிட்டு உருண்டு போனது. படகில் ஏறியதும் ஏன் குத்தினீர்கள் என்று கேட்டேன்.

"விடுங்க மச்சான், உங்க தங்கச்சியும்தான் நிறைமாசமா இருக்கா. அவளுக்குக்கூட நீங்க இவ்வளவு கவலைப்படலியே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை, "அந்தப் பாறைக்குப் பின்னால இன்னும் பெருசா ஒண்ணு இருக்கு, மாப்பிள்ளை" என்றேன். அங்கே ஒரு பழைய வலை கிடப்பதைச் சொல்ல விட்டுப்போயிற்று. விட்டுப்போயிற்று என்றால், நாக்கு நுனிவரை வந்தது, அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

ஆசையாக நுழைந்தார். முதுகு சிலிண்டரில் வலை மாட்டியது. உதற உதறச் சுற்றிக்கொண்டது. அதற்கும் பொறுமை வேண்டும், சார். என் பக்கம் கையை நீட்டினார். நான் குழல்மீன் மாதிரி அசையாமல் நின்றேன். அவருக்குக் காற்று தீரும்வரை நின்றேன். வலை அறுக்கிற கத்தி என் காலில்தான் கட்டியிருந்தது. நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர்மேல் என் விரல்கூடப் படவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மேலே வருகிற வழியில் அந்தப் புல் பக்கம் போய்ப் பார்த்தேன். அது திரும்பி வந்து வாலைச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

தங்கச்சி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். உள்ளே விடாதீர்கள், அவள் அழுதால் எனக்குத் தாங்காது. நல்ல நிதானமான ஆளாக ஒருவரை மட்டும் அந்தப் புல்லுக்குக் காவல் அனுப்புங்கள். பிள்ளை பிறக்கிற நேரத்தில் தகப்பனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது, பாருங்கள்.