மூன்று கை ஜலம்

சோப்புத் தண்ணீர் ஊற்றினால் செடி பட்டுப்போகும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. குளித்த தண்ணீரையும் துணி அலசிய தண்ணீரையும் கரியும் மணலும் போட்ட டிரம்மில் வடித்துவிட்டால் போதும், கீரை நன்றாகவே வரும். நம் ஊரில் குளியலறைத் தண்ணீர் நேரே வாழைக்குத்தானே போகிறது. ஜெர்மனியில் ஒரே தொந்தரவு, குளிர்காலத்தில் குழாயில் தேங்கினால் உறைந்து வெடித்துவிடும். சரிவாக விட்டால் அதுவும் நடக்காது.

டாக்டர் கிரிஜா, போன வாரம் பான் நகரத்து ஆஸ்பத்திரியில் நீங்கள் என்னைக் கேட்டீர்கள். என் மனைவி வத்சலா ஏன் தண்ணீரைத் தொடவே மாட்டேன் என்கிறாள், மூன்று வருடத்துக்கு முன்னால் கார்ஹிங் ஊரில் இருந்தபோது ஏதாவது நடந்ததா என்று. நேரில் சொல்ல வரவில்லை. எழுதிவிடுகிறேன். தமிழில் எழுதினால் உங்களைத் தவிர அங்கே யாராலும் படிக்க முடியாது என்பதும் ஒரு சௌகரியம்.

அப்போது நான் கார்ஹிங்கில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். சூடு எப்படிப் பரவுகிறது, எப்படி ஆறுகிறது என்பதுதான் என் பாடம். ஃபிராவ் லெக்னர் என்ற விதவை அம்மாளின் வீட்டில் கீழே நாங்கள், மாடியில் அவர். வாசலும் அதன் மூன்று கல் படிகளும் இரண்டு வீட்டுக்கும் பொது. எழுபதாம் வருடம் ஏப்ரலில் எங்களுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. அதோடு வத்சலா பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், படு என்றால் படுப்பாள். சாயங்காலம் சைக்கிளில் திரும்பும்போது உயிரோடு இருக்கிறாளா என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வருவேன்.

ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் அவள் விடவில்லை. காலையில் எழுந்ததும் வாசல் தெளிப்பாள். கோலமெல்லாம் இல்லை. கதவைத் திறந்து, உள்ளே நின்றபடியே சொம்பிலிருந்து மூன்று கை ஜலம் தெளித்துவிட்டுச் சாத்திவிடுவாள்.

அக்டோபரில் தோட்டத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினேன். அடியில் வைக்கோலும் மரச் சீவலும், மேலே மண், அதற்கு மேல் கண்ணாடி மூடி. கண்ணாடிக்குப் பழைய ஜன்னல்களைக் கொடுத்தவரே ஃபிராவ் லெக்னர்தான். குளியல் தொட்டியிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு ரப்பர் டியூப், டியூபிலிருந்து டிரம், டிரம்மிலிருந்து குழி. தினம் சாயங்காலம் நாங்கள் குளித்த வெந்நீர் இறங்கி மண்ணை உறைய விடாமல் வைத்திருக்கும். அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு பிடி வெந்தயம் எடுத்துத் தூவினேன்.

நவம்பரில் ஒரு நாள் வத்சலா என் அறை வாசலில் வந்து நின்றாள். "வந்து பாருங்கோ, முளைச்சுடுத்து" என்றாள். ஏழு மாதத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை அது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். தினமும் விடிகாலையில் தோட்டத்துக்குப் போய்க் கண்ணாடி மேலிருந்து சாக்கை விலக்குவாள். கீரை கிள்ளிச் சாம்பார் வைத்தாள். தன் அக்கா பாமாவுக்குக் கடிதம் எழுதினாள். கடிதத்தில் என்னைப் பற்றிக் கேலியாக இரண்டு வரி இருந்தது.

பிப்ரவரியில் ஃபிராவ் லெக்னர் என்னை மாடிக்குக் கூப்பிட்டார். நாற்றம் வருகிறது என்று பக்கத்து வீட்டில் புகார், நகராட்சி ஆள் பார்க்க வருவார், எல்லாவற்றையும் பிரித்துவிட வேண்டும் என்றார். நாற்றம் வந்திருக்க வழியே இல்லை. அடுப்படி எண்ணெய்த் தண்ணீரை நான் ஒரு நாளும் விட்டதில்லை. ஏப்ரல் வரைக்கும் பொறுங்கள் என்று மூன்று தடவை போய்க் கேட்டேன். வெந்நீர் நின்றால் இரண்டே நாளில் எல்லாம் கருகிவிடும். மூன்றாவது தடவை குழந்தையைப் பற்றியும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுதுவிட்டு, "கழிவு நீர் சாக்கடைக்குத்தான் போக வேண்டும், ஹெர் குருமூர்த்தி. திங்கட்கிழமை ஆள் வருகிறார்" என்றார். அழுதவருக்கு மனசு மாறியிருக்க வேண்டாமா? எனக்கு வேறு வழி தெரியவில்லை. பழைய வத்சலாவோடு இன்னொரு நாளைக் கழிக்க என்னால் முடியாது என்று மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஃபிராவ் லெக்னர் வழக்கம்போல், பனியில் வழுக்காமலிருக்கப் படிகளில் சாம்பல் தூவினார். ஐந்து மணிக்கு வத்சலாவிடம் தொட்டி நிறைய வெந்நீர் விட்டு நன்றாகக் குளி என்றேன். சந்தோஷமாகக் குளித்தாள். பிறகு நான் டிரம்மிலிருந்து டியூபைக் கழற்றி, வீட்டைச் சுற்றி முன்பக்கம் கொண்டுபோய், மேல்படியில் வைத்தேன். ஒரேயடியாகத் திறந்துவிட்டால் ஓடிப் போய்விடும். நுனியைக் கிள்ளிப் பிடித்து, ஒரு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். பூஜ்யத்துக்குக் கீழே பதினாலு டிகிரி. விட்ட தண்ணீர் அப்படியே உறைந்து, சாம்பல் ஐஸுக்கு அடியில் போய்விட்டது. மூன்று படியும் வழவழவென்று ஆகிவிட்டன.

காலில் சுளுக்கு, இரண்டு வாரம் படுக்கை. என் கணக்கு அவ்வளவுதான். வீட்டுக்காரர் படுத்திருக்கும்போது திங்கட்கிழமை ஆள் வர மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு வத்சலா கதவைத் திறந்து இருட்டில் மூன்று கை ஜலம் தெளித்துவிட்டுப் பின்கதவு வழியாகத் தோட்டத்துக்குப் போனாள். ஆறேகாலுக்கு ஃபிராவ் லெக்னர் மாதா கோயிலுக்கு இறங்கினார். விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்புறம் முனகலும் கேட்டது. வத்சலா போட்டு வைத்த காபி கையில் இருந்தது. ஆறவிட்டால் அவளுக்கு மனசு கஷ்டப்படும். குடித்து முடித்தேன், டம்ளரைக் கழுவி வைத்தேன், சட்டை மாற்றிக்கொண்டேன். முனகல் நின்ற பிறகு போனேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். நான்தான் அவரை உள்ளே தூக்கி வந்தேன். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். முறிந்த இடுப்பைவிட, பனியில் கிடந்ததுதான் அவரைக் கொண்டுபோய்விட்டது என்று டாக்டர் சொன்னார்.

போலீஸ்காரர் வந்து, படியில் அவ்வளவு ஐஸ் எப்படி என்று விசாரித்தார். நான் வத்சலாவைப் பார்த்தேன். அவளுக்கு அவ்வளவாக ஜெர்மன் வராது. "நான் ஜலம் தெளிச்சேன். மூணு கைதான்னு சொல்லுங்கோ" என்றாள். நான் அதை ஜெர்மனில், தினமும் ஒரு வாளி, எங்கள் மத வழக்கம், இந்த நாட்டுக் குளிர் அவளுக்குத் தெரியாது என்று சொன்னேன். மூன்று கை என்றால் அவர் மேற்கொண்டு கேள்வி கேட்டிருப்பார். நல்ல மனிதர், அவளைப் பரிதாபமாகப் பார்த்து, விபத்து என்று எழுதிக்கொண்டார்.

அவர் போன பிறகு வத்சலா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மூணு கை ஜலத்துலயா அந்த மாமி விழுந்தா?"

"இந்தக் குளிர்ல ஒரு கையே போதும். உனக்குத் தெரியாது, விடு" என்றேன்.

மறுநாள் அவள் வாசல் கதவைத் திறக்கவில்லை. பிரிக்க யாரும் வரவில்லை. கண்ணாடி மூடி அப்படியே இருந்தது, ஆனால் சாக்கை விலக்க அவள் போகவில்லை. நான் அத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிக் கொடுத்த கீரை சாக்குக்கு அடியிலேயே அழுகியது. அதில் எனக்கு வருத்தம்தான். மார்ச்சுக்குள் அவள் பேச்சு நின்றது. பிறகு குழாயைத் திறப்பதும் நின்றது. இப்போது எப்படி இருக்கிறாள் என்று நீங்களே பார்க்கிறீர்கள்.

நான்தான் செய்தேன், டாக்டர். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். என் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை ஒன்றுதான் அவளுக்கு மிச்சம், அதுவும் போனால் தாங்க மாட்டாள். இதைச் சொல்லாமலே குணப்படுத்த வழி இருக்கும், நீங்கள் படித்தவர். என்னால் ஆனதை நானும் செய்துகொண்டுதான் இருக்கிறேன். தினமும் தூங்கப் போகும்முன் அவள் தலையைத் தடவி, உன் தப்பை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன் வத்சலா, என்று சொல்கிறேன்.