பழைய மோட்டாரில் போனவர்

காதில் விழும் பேச்சை எழுதிவைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியதே, இன்று காலை மாசாய் பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்னால் நின்ற பெண் தன் கணவனின் அக்காவிடம் சொன்ன ஒரு வாக்கியத்தால்தான்.

“அண்ணி, உங்க தம்பி ஓட்டிட்டுப் போற மோட்டார் சைக்கிளுக்கு நேத்து நானே இன்சூரன்ஸ வெட்டிட்டேன்.”

“அலமாக்! என்னடி சொல்ற?”

“ஆக்சிடென்ட் இல்லாம ஓட்டுனதுக்குக் கெடச்ச டிஸ்கவுண்ட புது மோட்டாருக்கு மாத்தச் சொன்னாரு. அப்படியே பழச கேன்சல் பண்ணிட்டேன். இன்னிக்கி அவருக்கு லீவு லா! திடீர்னு ஃபேக்டரில கூப்பிட்டாங்கன்னு பழசுலயே தெப்ராவுக்குக் கெளம்பிட்டாரு.”

“புதுசு வாசல்ல சும்மாதான நிக்குது?”

“வெள்ளிக்கிழம கோயில்ல பூச போடாம தொடமாட்டாராம். இன்சூரன்ஸ் இல்லாத பழசுல போயி யார் மேலயாச்சும் இடிச்சிட்டா நம்மளால குடுத்து மாளுமா?”

அந்தப் பெண் மறுபடியும் கணவனை அழைத்துக் கைப்பேசியைக் காதில் வைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“எடுக்க மாட்டேங்கறாரு.”

“ஓட்டிட்டிருப்பான். எடுத்தாதான் நீ பயப்படணும்.”

சற்று நேரத்தில் குறுஞ்செய்தி வந்தது. “போய்ச் சேந்துட்டாராம் அண்ணி!”

“சாயங்காலம் அதுலதான திரும்பி வருவான்?”

பஸ் வந்தது. இருவரும் வரிசையை விட்டு விலகினார்கள்.

“புது இன்சூரன்ஸ்ல என் பேரையும் சேத்துதான் எடுத்தேன். நானே புதுச ஓட்டிட்டுப் போயி அவருகிட்ட குடுக்கறேன். பழசு ஃபேக்டரிலயே நிக்கட்டும்.”

“அப்ப பூச?”

“கோயில் வெள்ளிக்கிழமயும் அங்கதான் இருக்கும். வாங்க அண்ணி, சாவிய எங்க ஒளிச்சு வெச்சிருக்காருன்னு தேடுவோம்.”