பீலித்தண்ணி கேசு

இல்ல தம்பி, சிரிக்கல. இருமல். சரி, கொஞ்சம் சிரிச்சேன், கோவிச்சுக்காதீங்க. கொழும்புலருந்து ஒரு சினிமா டைரக்டரு, ஒரு கெழட்டு லோயர் கிளாக்கர தேடி கட்டுகஸ்தோட்டைக்கு வந்து, கதையையும் கையில குடுத்துட்டு சம்மதக் கையெழுத்தும் கேக்குறாரு. சிரிப்பு வராம வேற என்ன வரும்? அந்த கதிரைய இழுத்துப் போட்டு ஒக்காருங்க.

கையெழுத்து போடுறேன்னு மொதல்லயே சொல்லிட்டேனே. அந்த நாப்பத்திரெண்டாவது சீன வெட்டிருங்க, இப்பவே பேனாவத் தொறக்குறேன். பாப்பம்மா தோட்டத்துத் தொரைகிட்ட காசுக் கவர வாங்கி சேலைக்குள்ள சொருகிகிட்டு, கோட்டுக்குப் போற தண்ணிப் போத்தல மாத்துறாளே, இடி வேற இடிக்குதே, அந்த சீனுதான். அது இருக்கிற வரைக்கும் நீங்க எத்தன தரம் வந்தாலும் பால் இல்லாத பிளேன்டி மட்டுந்தான் கெடைக்கும்.

நீங்க குடுத்தனுப்புன மூணு சீடியும் பாத்தேன். வெளங்காம என்ன, முப்பது வருசம் கோட்டுல இங்கிலீசு கேட்டவன்தானே. மூணும் ஒரே படம் தம்பி. ஒரு ஊரு, தண்ணி கெட்டுப்போவுது, புள்ளைங்க சாவுது. ஒரு லோயரு வர்றாரு, அவருக்குப் பொஞ்சாதியோட சரியில்ல. ரூம் பூரா அட்டப்பெட்டி. தாடி வளர வளர கடதாசியப் படிக்கிறாரு. ஆயிரத்தோராவது கடதாசியில கம்பனிக்காரன் செஞ்ச அநியாயம் ஆம்புடுது. அவன் தான் செஞ்ச திருட்டுத்தனத்த டைப் அடிச்சு, திகதி போட்டு, பத்திரமா பைல்ல வெச்சிருக்கான் பாருங்க, அங்கதான் எனக்குப் புல்லரிச்சிருச்சு. என்னா ஒழுக்கமான களவாணி! நம்ம தேயிலத் தோட்டத்துலயும் புல்லு மருந்து வெக்கிற ஸ்டோருக்கு ஒரு பொஸ்தகம் இருந்துச்சு. கேசு போட்ட மறுவாரமே கறையான் தின்னுட்டுன்னாங்க. ஹுன்னஸ்கிரிய குளிர்ல, இரும்பு அலுமாரிக்குள்ள, கறையான்.

உங்க கதையிலயும் அதே அட்டப்பெட்டிதான். நம்ம இராஜரத்தினம் ஐயா மழையில நனஞ்சுகிட்டே மலையேறிப் போயி லயத்து வரிச வீட்டுப் புள்ளைங்களக் கட்டிப் புடிச்சு அழுவுறாரு. ஐயோ தம்பி! நல்ல மனுசன், யாழ்ப்பாணத்து லோயரு, பீஸ் வாங்காமதான் கேச எடுத்தாரு, அத நான் மறைக்கல. ஆனா ரத்தம் குடிக்கிற அட்டைக்குப் பயந்து ஒரு நாளு தோட்டத்துப் பக்கம் வந்தவரில்ல. சண்முகநாதன், நீர் ஒருக்கா போட்டு வாரும், எனக்கு இழுக்குது எண்டுவாரு. அவ்வளவுதான். இழுப்பு அவருக்கு, ஏத்தம் எனக்கு.

அப்புறம் அந்த ஜட்ஜய்யா சுத்தியல டொக்கு டொக்குன்னு தட்டுறாரே, கண்டி கோட்டுல ஏது சுத்தியலு? அது என்ன தச்சுப்பட்டறையா? நான் கேட்ட சத்தமெல்லாம் தவணை, தவணைன்னு கேச ஒத்திவெக்கிற சத்தந்தான். ஒரு தவணை பெரஹரா திருவிழாவுல போச்சு, ஒண்ணு ஊரடங்குல போச்சு, இன்னொண்ணு கம்பனி லோயருக்கு வயித்தால போனதுல போச்சு. அத எடுங்களேன் படத்துல.

ஆமா, என் வேசத்துக்கு வர்றவரு ஜிம்முக்குப் போறவராமே? போத்தலத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுகிட்டு தேயிலைக்குள்ள ஓடுறாராமே? இந்த வயித்தப் பாத்துட்டுமா அப்பிடி எழுதினீங்க? எம் பொஞ்சாதி பத்மாதேவி அத வாசிச்சுட்டு ரெண்டு நாளா என்னய ஹீரோன்னு கூப்பிட்டு தேங்கா உரிக்கச் சொல்றா.

சரி, அத விடுங்க. நாப்பத்திரெண்டுக்கு வருவோம்.

தோட்டத்துல எல்லாருந்தான் அப்பிடிச் சொல்றாங்களா? சொல்லுவாங்க. அஞ்சு வருசமா சொல்றாங்க. நீங்க கேட்டத எழுதுனீங்க, உங்க மேல குத்தமில்ல. படத்துக்கு ஒரு வில்லன் வேணும், அதுவும் வெளங்குது. கம்பனியவே வில்லனாப் போட்டா என்னங்குறேன்?

ஓஹோ. படத்துக்குப் பணம் போடுறதே தேயிலக் கம்பனியா! அப்பிடிச் சொல்லுங்க. அந்தக் கம்பனி இல்ல, வேற கம்பனி. ஆமாமா, வேற கம்பனி, வேற தேயில, வேற மருந்து. அதனால புள்ளயப் பறிகுடுத்தவதான் வில்லி. நல்லா வருவீங்க தம்பி.

பாப்பம்மாவப் பாத்திருக்கீங்களா? இல்ல. ஹேவாஹெட்ட பக்கம் தங்கச்சி வீட்டுல இருக்கா. இருக்கான்னு சொல்லக் கூடாது, ஒதுங்கிக் கெடக்கா. அவ லயத்துக்கு மேலதான் மருந்து ஸ்டோரு, புல்லுக்கு அடிக்கிற மருந்து. அதுக்கு அடியிலதான் ஊத்து. ஊத்துத் தண்ணியக் குழா வழியா லயத்துக்கு விடுறதுதான் பீலி. மழை பேஞ்சா பீலியில நொரை வரும், நாறும். மொதல்ல கோழி செத்துச்சு. பொறகு பதினோரு புள்ளைங்களுக்கு மூஞ்சி வீங்கி மூத்திரம் நின்னுபோச்சு. பத்து பொழச்சுருச்சு. பாப்பம்மா மக தவமணி, ஒம்பது வயசு, கண்டிக்குக் கொண்டு போற வழியில லொறியிலயே முடிஞ்சிருச்சு. மத்தவங்க எல்லாம் தொரை மொறைச்சதும் ஒடுங்கிட்டாங்க. இவ ஒருத்திதான் கொழுந்துக் கூடைய எறக்கி வெச்சுட்டு, பஸ்ஸேறி வந்து எங்க ஆபீஸ் வாசல்ல நின்னா. அவளப் போயி காசுக்கு வெலைபோனவங்குறீங்க.

காரணம் இல்லாமலா பேசுறாங்கன்னா கேக்குறீங்க? நல்ல கேள்வி. பாப்பம்மா பீலியில புடிச்சுக் குடுத்த தண்ணியக் கொழும்புல பரிசோதிச்சாங்க, குடிக்கத் தோதான நல்ல தண்ணின்னு ரிப்போட் வந்துச்சு. கம்பனி லோயரு பாப்பம்மாவக் கூண்டுல ஏத்தி மூணே கேள்விதான் கேட்டாரு. போத்தல்ல இருக்கிறது ஒன் கைநாட்டா? ஆமாங்கய்யா. நீயே ஒன் கையால புடிச்ச தண்ணியா? ஆமாங்கய்யா. யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா? இல்லீங்கய்யா. முடிஞ்சிருச்சு. உங்க அமெரிக்காப் படத்துல இதுக்கு ஒரு மணித்தியாலம் எடுத்திருப்பான், பிடில் வேற வாசிச்சிருப்பான். எங்க கோட்டுல டீ குடிக்கிற நேரத்துக்கு முன்ன கேஸத் தள்ளிட்டாங்க. அந்த மாசமே அவ மகனுக்கு பேக்டரியில வேல கெடச்சுச்சு. அது அவன் அப்பன் செத்த எடத்துக்கு வரவேண்டிய வேல, ரெண்டு வருசம் இழுத்தடிச்சுக் குடுத்தது. யாரு கேட்டா? புள்ளையோட தண்ணிய வித்தவன்னு பீலியில தண்ணி புடிக்க விடல அவள.

அந்தத் தண்ணியக் கொண்டு வந்தது நான். உங்க கதையில இருக்கே, ஓடுற சீனு. நான் எங்க ஓடுனேன்? பஸ்ஸுல, பொம்பளைங்களுக்கும் பலாக்காய்க்கும் நடுவுல நின்னுகிட்டு வந்தேன். கண்டி மாளிகாவை புத்தர் கோயில்ல குண்டு வெடிச்ச வருசம் தம்பி. தமிழ்ப் பேரோட ஐடென்டி காட் வெச்சிருந்தா அவன் பாதி குத்தவாளி. என் கையில அரக்கு வெச்சு சீல் பண்ணின போத்தலு.

தெல்தெனியவுக்கு முன்னுக்கு செக்பொயிண்ட். எல்லாரையும் எறக்குனாங்க. போத்தலப் பாத்துட்டு ஆமிக்காரன் சிங்களத்துல மொகத மேங்குறான், இது என்னான்னு. என்னத்தச் சொல்ல? விசம்னா சொல்ல? சண்முகநாதன்னு பேரு வெச்சுகிட்டு, அந்த வருசத்துல, ஆமிக்காரன்கிட்ட, இதுல விசம் இருக்கு சேர்னு சொல்லணுமாக்கும்? குடிக்கிற தண்ணி மஹத்தயான்னுட்டேன். அப்ப குடின்னான்.

குடிச்சேன். வேற வழி? அரக்க அவனே ஒடச்சுக் குடுத்தான், ரெண்டு மொடக்கு குடிச்சேன். பொறகு மூணு நாளு மூத்திரம் போறப்ப எல்லாம் குனிஞ்சு பாத்துகிட்டே இருந்தேன், சிரிக்காதீங்க. மிச்சத்த அவன் ரோட்டுல கவுத்துட்டு வெறும் போத்தலக் கையில குடுத்து போன்னுட்டான். அவனுக்கு என் மேல கோவமெல்லாம் இல்ல.

ஆமா. அந்தத் தண்ணி கோட்டுக்குப் போகல.

தெல்தெனியவுல ஒரு சாப்பாட்டுக்கட, பின்னால கை கழுவுற பைப்பு. அதுல புடிச்சேன். அரக்கும் ஆபீஸ் முத்திரையும் என் பைக்குள்ளதானே இருக்கு, கடக்காரன்கிட்ட நெருப்புப் பெட்டி வாங்கி சீல் வெச்சுட்டேன். லேபல் கிழியவே இல்ல, அவ கைநாட்டோட அப்பிடியே இருந்துச்சு. போத்தல யாரும் மாத்தல தம்பி. உங்க சீனு அதனாலதான் பிழைன்னேன்.

திரும்பிப் போயிருக்கலாம். எல்லாம் செஞ்சிருக்கலாம். மத்தியானம் ஒரு மணிதான், மேல போற பஸ்ஸு எதுக்க நின்னுச்சு. மறுபடி ஒரு போத்தலோட அதே ஆமிக்காரன் முன்ன போயி நிக்க எனக்குத் தைரியம் வரல. ஐயாகிட்டயும் சொல்லல, வேல போயிரும்னு பயம். கோட்டுல சொன்னா சாட்சியம் கெடுத்தவன்னு உள்ள போட்டுருவாங்கன்னு பயம். பாப்பம்மா கூண்டுல நிக்கிறா, நான் பைலப் புடிச்சுகிட்டு ஐயாவுக்குப் பின்னால கதிரையில இருக்கேன். எந்திரிக்கல.

எழுதிக்குங்க, எழுதிக்குங்க. எம் பேர மாத்த வேணாம். ஜெயிலுக்குப் போட்டாலும் போடட்டும், அங்க இந்த வயசுல யாரு என்னயத் தேங்கா உரிக்க வெக்கப் போறா. அவ பேரு மட்டும் அந்த சீன்ல இருக்கக் கூடாது.

இன்னொண்ணும் இருக்கு. கேஸத் தள்ளின அன்னைக்கு, கோட்டுப் படியில என்கிட்ட வந்தா. அழுவல. மெதுவாக் கேட்டா. கிளாக்கரய்யா, டவுன்ல பெரிய மனுசங்க கையில எடுத்துப் பாக்கிற போத்தலாச்சேன்னு நான் அத நாலு தரம் சுடுதண்ணி ஊத்தித் தேச்சுக் கழுவினேங்கய்யா, அதுலதான் விசம் போயிருச்சோன்னா.

இருக்கும் பாப்பம்மா, அதனாலதான் இருக்கும்னு சொன்னேன்.