தட்டு தேய்ந்திருந்தது

டீக்கு நன்றி ஐயா. கேட்பதைக் கொஞ்சம் உரக்கக் கேளுங்கள். இந்தக் காற்றாடி போடுகிற இரைச்சல்தான் காரணம், என் காதில் குறை ஒன்றும் இல்லை.

தண்டையார்பேட்டையில் கிருஷ்ணப்பன் பட்டறை என்றால் எண்ணூர் வரைக்கும் தெரியும். பதினெட்டு வருஷமாக மோட்டார் சைக்கிள் வேலை. மற்றவர்கள் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கோளாறைத் தேடுவார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். வண்டி வாசலில் வந்து நிற்பதற்குள் சொல்லிவிடுவேன். என் பிழைப்பும் பேரும் அந்தக் காதில்தான்.

ஜாபர் யுத்தம் முடிந்து பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தவன். முப்பத்தைந்து வயது. ஐந்து வருஷமாக என்னோடு கூட்டு. நல்ல வேலைக்காரன், அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். என்னை மாமு என்பான். அவன் பெண்சாதி ரஹீமுன்னிசா மத்தியானம் கொண்டுவரும் சோற்றில் எனக்கும் ஒரு பங்கு இருக்கும்.

அன்று செவ்வாய்க்கிழமை காலை. தோல் வியாபாரி சௌக்கத் அலி பாய், பட்டாளத்தார் ஏலம் விட்ட பழைய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். எண்ணூர் ரோட்டில் எதிர்காற்றில் போனால் எஞ்சின் கத்துகிறது, வண்டி மட்டும் நகர மாட்டேன் என்கிறது என்றார். கிளட்ச் வழுக்குகிறது. அது யாருக்கும் தெரியும். எதனால் என்று சொல்வதுதான் வேலை. ஓடவிட்டுக் கேட்டேன். கிளட்சுக்குள் இருக்கிற தட்டு தேய்ந்துவிட்டது, மாற்ற மூன்று நாள் ஆகும் என்றேன். சலாம் சொல்லிவிட்டு ட்ராம் பிடிக்கப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஜாபர் கிளட்ச் பிடியை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"மாமு, இதுல ஆட்டமே இல்ல. கேபிளு இஸ்துகினு கீது, அதான் வழுக்குது. தட்டுல ஒரு கோளாறும் இல்ல."

நட்டை இரண்டு சுற்றுத் திருகினான். நான் அதோடு விட்டிருப்பேன் ஐயா. அவன்தான் விடவில்லை. என் இடது காதுப் பக்கமாக வந்து நின்றான். கொஞ்ச நாளாக அந்தப் பக்கம் நின்றுதான் பேசுவான்.

"தப்பா நெனச்சிக்காத மாமு. ஆனைக்கும் அடி சறுக்கும். ரெண்டு வருசமா நீ சொல்றதுல பாதி தப்பா பூடுது. நான்தான் பின்னால சரி பண்ணி வுட்டுகினு கீறேன். யாராண்டயும் சொல்லல. வூட்லகூட சொல்லல."

அவன் கண் கலங்கியிருந்தது. திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். அவன் இரக்கப்பட்டான். எனக்கு உள்ளங்காலிலிருந்து எரிந்தது.

நான் சிரித்தேன். "செவுத்தாண்ட வெச்சிப் பாத்துருவோம், வா" என்றேன்.

அது என்ன சோதனை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முன்சக்கரத்தைச் சுவரில் முட்ட வைத்து, டாப் கியரில் போட்டு, கிளட்சை விடுவோம். எஞ்சின் அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. கத்திக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. சுவரில் டயர் கறை படிகிறது என்று பக்கத்துக் கிடங்குக்காரர் சண்டைக்கு வந்த பிறகு, சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒருவர் நின்றுகொள்வது எங்கள் பட்டறை வழக்கமாகிவிட்டது. முதுகு சுவரில், சக்கரம் இரண்டு முழங்காலுக்கும் நடுவில், கைகள் ஹேண்டில்பாரில். டாப் கியரில் இழுக்கும் பலம் குறைவு, பயமில்லை, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிடும். ஜாபர் எத்தனையோ தடவை நின்றிருக்கிறான். அன்றும் போய் நின்றான். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், கியர் மாற்றுகிற என் காலைப் பார்க்கவில்லை.

நான் முதல் கியரில் போட்டேன். முழு வேகம் கொடுத்துப் பிடியை விட்டேன்.

முகப்பு விளக்கின் இரும்பு வளையம் அவன் நெஞ்சில் இறங்கியது. விலா எலும்பு முறிகிற சத்தம் எனக்குத் துல்லியமாகக் கேட்டது. இரண்டு எலும்பு. பிணப் பரிசோதனையிலும் அப்படித்தானே எழுதியிருக்கிறது? ஐந்தா? அப்படியானால் மற்றவை பிறகு முறிந்திருக்கும்.

"புடிக்குது மாமு," என்றான். "வுட்டுடு."

அதுவரைக்கும் கை தவறிவிட்டது என்று சொல்லலாம். நான் சொல்லப்போவதில்லை. பிடியை அழுத்தி வண்டியை நாலடி பின்னால் இழுத்தேன். அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். இரண்டாவது தடவை சக்கரம் அவன் முகத்தில் ஏறியது. மூன்றாவது தடவைக்கு அவசியமே இல்லை. இருந்தாலும் ஒரு சோதனையை மூன்று முறை செய்து பார்ப்பது என் பழக்கம்.

அவனைச் சாக்கால் மூடிவிட்டு மண்ணெண்ணெயில் கை கழுவினேன். மத்தியானம் ரஹீமுன்னிசா வந்தாள். தட்டு வாங்க மவுண்ட் ரோடு போயிருக்கிறான் என்றேன். தூக்கை வைத்துவிட்டுப் போனாள். மீன் குழம்பு. வீணாகக்கூடாது என்று இரண்டு பேர் சோற்றையும் நானே சாப்பிட்டேன்.

ஜாபரை நான்தான் கொன்றேன். யோசித்து, தெரிந்தேதான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தூக்கு என்றாலும் சரி. ஆனால் சர்க்கார் மெக்கானிக் வண்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தட்டுகள் புதிது போல இருந்தன என்று எழுதிக் கொடுத்திருக்கிறாராமே. அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள் ஐயா. தட்டு தேய்ந்துதான் இருந்தது. நான் என் காதால் கேட்டேன்.