கால்மேல் கால் போட்ட ராசா

— இண்டைக்கு என்ர ஆய்வுப் பேச்சுக்கு வர மனமில்லை எண்டு சொல்லுங்கோ அப்பா. ஷிப்ட் எண்டு ஏன் பேய்க்காட்டுறீங்கள்?

— ஷிப்ட்தான் மகள். சோத்தைச் சாப்பிடு, ஆறுது.

— மனோர் பார்க்கில ஏறினால் கம்பசுக்கு ஒரே ரெயின். எங்கட குடும்பத்தில கம்பஸ் போன முதல் ஆள் நான். ஒருக்கா வந்து பார்க்க ஏலாதோ? மற்றப் பிள்ளையளின்ர தாய் தேப்பன் பூச்செண்டோட வந்து நிண்டவை. உங்களுக்கெண்டு முன்வரிசையில ஒரு கதிரை பிடிச்சு என்ர ஜாக்கெட்டைப் போட்டு வைச்சனான். முடியுமட்டும் அதில ஜாக்கெட்தான் இருந்தது.

— கொம்மா இருந்திருந்தால் வந்திருப்பா.

— செத்தவவைக் காட்டித் தப்பாதேங்கோ.

— சரி பிள்ளை. பேச்சு எப்பிடிப் போச்சு? அதைச் சொல்லன்.

— நாசமாப் போச்சு. நான் ஆராயிற சசெக்ஸ் கிறிஸ்தவக் கோவில் தெரியுமெல்லே. சுவர்ப் படம் பாதி உதிர்ந்துபோச்சு. மிச்சத்தில ஒரு ராசா, வாளோட ஒரு சேவகன், கைக்குழந்தையோட ஒரு பொம்பிளை. ராசா ஏரோது எண்டு எழுதினனான். பெத்லகேமில பிள்ளையளைக் கொல்லச் சொன்னவன். பேராசிரியர் இல்லையெண்டிட்டார்.

— வேற ஆராம்?

— சாலமோனாம். பிள்ளையை ரெண்டாப் பிளக்கச் சொல்லி, உண்மையான தாயைக் கண்டுபிடிச்ச ராசா. அந்தக் கதையிலயும் வாள், தாய், பிள்ளை எல்லாம் இருக்குத்தானே எண்டார் பேராசிரியர்.

— ஞாயந்தானே. நீ ஏன் ஏரோது எண்டு எழுதினனீ?

— அவன் கால்மேல கால் போட்டுக்கொண்டு இருக்கிறான் அப்பா. பிள்ளையோட ஒருத்தி முன்னால நிக்க. கண்ட உடன எனக்குக் கூசிப்போச்சு. நல்ல ராசா அப்பிடி இருப்பானோ?

— அவரிட்டயும் இப்பிடியே சொன்னனீயோ?

— சொன்னன். சிரிச்சார். அந்தக் காலத்தில தீர்ப்புச் சொல்லுறவனும் அப்பிடித்தான் இருப்பானாம், அது திமிர் இல்லையாம், அதிகாரமாம். கொடியவனையும் அப்பிடிக் கீறியிருக்கினம், நீதிமானையும் கீறியிருக்கினம், அப்ப திமிர் எண்டு உமக்கு எந்தப் புத்தகம் சொன்னது எண்டு கேட்டார். மேடையில என்னை இருத்திவைச்சு, அத்தனை பேருக்கு முன்னால. நான் அவரையே பார்த்துக்கொண்டு இருந்தன்.

— எந்தப் புத்தகம் பிள்ளை?

— புத்தகம் என்ன புத்தகம். நீங்கள்தான். பங்குச் சுவாமியார் வீட்டை வந்த அண்டைக்கு, கால்மேல கால் போட்டனெண்டு துடையில நுள்ளினீங்களே. பொம்பிளைப் பிள்ளை, பெரியாக்களுக்கு முன்னால, எண்டு. அந்த நுள்ளை ஆய்வேட்டில அடிக்குறிப்பாப் போட ஏலுமோ?

— சோறு ஆறுது.

— ஆறட்டும். அந்த மண்டபத்தில இது விளங்கக்கூடிய ஒரு சீவன் இல்லை. விளங்கக்கூடிய ஆள் வரயில்லை. நாளைக்கு அந்த அத்தியாயத்தை வெட்டிப்போட்டுச் சாலமோன் எண்டே எழுதிக் குடுக்கப்போறன். அவையின்ர கோவில், அவையின்ர ராசா. எனக்கென்ன.

— வெட்டாதை.

— வராத ஆளுக்கு என்ன தெரியும்?

— வந்தனான்.

— பேய்க்கதை.

— கதவு நடுவில கண்ணாடி இருந்தது. வெளியில நிண்டு பார்த்தனான். அந்த நரைத்தாடிக்காரர் சிரிக்கேக்க நீ தலை குனியேல்லை.

— பிறகேன் உள்ளுக்கு வரயில்லை? கதிரை சும்மா கிடந்ததே அப்பா.

— அத்தனை பெரியாக்களுக்கு முன்னால நீ கால்மேல கால் போட்டுக்கொண்டு இருந்தாய் பிள்ளை. நான் உள்ளுக்கு வந்திருந்தால், காலை இறக்கியிருப்பாய்.